ஆவி முதலில், கதவு பிறகு

நீலா,

மில்லுக்குக் கிளம்பிவிட்டேன். இட்லி மூடி வைத்திருக்கிறது.

நூலுக்கு ஆவி கொடுக்கும் மிஷினுக்காக நான் இங்கிலீஷில் எழுதிய செய்முறைக் குறிப்பை நேற்று படித்துவிட்டு, "கதவத் திறக்கச் சொல்லிட்டு, ஆவிய வெளியேத்தணும்னு கடைசில சொல்லுதீங்களே! படிச்சுக்கிட்டே செய்யுதவன் மூஞ்சி வெந்துரும்லா?" என்றாய். "இது என்ன உன் குக்கரா?" என்று எரிந்து விழுந்தேன்.

காலையில் உரக்கப் படித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. செய்கிற வரிசையிலேயே மூன்று சின்ன வாக்கியங்களாகத் திருத்தி, தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு மில் டிரைவர் இசக்கிமுத்து அதை வாங்க வருவார். படித்து உனக்குப் புரிந்தால் மட்டும் தாளைக் கொடு. இல்லையென்றால் வெறுங்கையோடு அனுப்பு. மேனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மிஷினில் நிற்கும் அஃப்சலுக்கு உன்னைத் தெரியாது. அவன் சார்பிலும் நான் நன்றி சொல்கிறேன்.

குமரகுருபரன்

தாள் பறக்காமலிருக்க மேலே குக்கர் வெயிட்டைத்தான் வைத்திருக்கிறேன். இனி அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.