பெயர் பொறித்த வாங்கு

அன்பின் தர்மிகா,

நீரும் மகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை.

லண்டனிலிருந்து நேற்றுத்தான் ஹனோவருக்குத் திரும்பினேன். அங்கே அண்ணை ஒரு பழைய பிரபுவின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல வெயில், எங்கும் ரோசா. இருந்து இளைப்பாறப் போட்ட மர வாங்குகளில் எல்லாம் ஆட்களின் பெயர் பொறித்த தகடுகள். சொந்தக்காரர் வந்து எழுப்புவாரென்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“அதெல்லாம் செத்த ஆக்களின்ர பெயரடா. நினைவுக்குப் போட்டது. நீ இரு,” என்று அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இருக்க மனம் வரவில்லை.

என் அகதிப் பாஸ்போர்ட்டோடு எங்கேயும் போகலாம், ஊருக்கு மட்டும் வர ஏலாது. உங்களைக் கூப்பிடுகிற விண்ணப்பத்துக்கும் பதிலில்லை.

சாப்பாட்டு மேசையில் என் கதிரையில் மகள் ‘அப்பா’ என்று எழுதித் தாள் ஒட்டியிருப்பதை நீர் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அந்தத் தாளை உரித்துவிடும், தர்மிகா. நான் சொன்னதென்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

ரஜிதன்