மத்தி மீன் கடையில் உன்னைப் பார்த்தேன்

அன்புள்ள என்று எழுதக் கை வராத உனக்கு,

லிஸ்பனுக்கு வரும் பயணிகளைக் கடை கடையாய் நடத்திக் கூட்டிப்போய் ருசி காட்ட, நான் ஏறி இறங்கி அமைத்த சாப்பாட்டு நடையை, நாம் பிரிந்ததும் நீ உன் பெயரில் நடத்துகிறாய். நேற்றுப் பன்னிரண்டு பயணிகளோடு, என் சிநேகிதி தியோலிந்தா மத்தி மீன் சுட்டு விற்கும் கடைக்கு வந்தாய். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கடைய கண்டுபிடிச்சதே நான்தான்" என்று அளந்தாய்.

தியோலிந்தா மத்தியைத் திருப்பிப் போட்டபடியே, நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அடேயப்பா! உன் பொண்டாட்டி உன்ன இங்க கூட்டிட்டு வந்தப்போ, நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னவன்தானே நீ?"

அவர்கள் சிரித்த சிரிப்பில் உன் காது சிவந்தது. நான் தட்டோடு வெளியே வந்தேன். மீதி நடையை அவர்கள் என்னோடுதான் நடந்தார்கள்.

நாளையும் தவறாமல் வா. அந்தத் தெருவில் என் சிநேகிதிகளின் கடைகள் இன்னும் ஏழு இருக்கின்றன.

இப்படிக்கு,
உனக்கு வழி காட்டியவள்