தலைவர் முன்னுக்கு

6 ஒக்டோபர் 1996, ஞாயிறு

ஊர்மக்கள் ஒன்றியத்தின்ர செயற்குழுக் கூட்டம் எங்கட அப்பார்ட்மென்றில நடந்தது. மனுசி ரதி சுட்ட ரோல்ஸ் ஒண்டும் மிஞ்சேல்லை. வருடாந்தப் பொதுக்கூட்டம் டிசம்பர் எட்டு எண்டு தில்லையம்பலம் குறிச்சுக்கொண்டார். தில்லை எங்கட செயலாளர், ஊரில எனக்கு இரண்டு வகுப்புக் கீழ படிச்சவர். அவர் பேசினால் பக்கத்தில இருக்கிறவருக்கே கேளாது. "தலைவர் தெரிவு?" எண்டு ஆரோ கேக்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சினம். நானும் சிரிச்சன். ஆறு வருசமா அந்தத் தெரிவு சிரிப்போட முடியிறதுதான்.

அதுக்கு ஒரு முறை இருக்கு. என்ர பேரை ஆராவது முன்மொழிவினம். நான் எழும்பி, "எனக்குப் போதும், வேற ஆக்கள் வரட்டும்" எண்டுவன். சபை கைதட்டும். திரும்பவும் மறுப்பன். வின்சன்ற் மாஸ்டர் எழும்பி, "தியாகலிங்கத்தை விட்டால் ஆர்?" எண்டு கேப்பார். மூண்டாந்தரம் நான் கையை விரிச்சு, "உங்கட விருப்பம்" எண்டுவன். உடன மாலை. மாலை முதல் நாளே எங்கட வீட்டுப் பிறிட்ஜுக்குள்ள வந்திடும்.

9 ஒக்டோபர், புதன்

ரதி அடல்ற் ஸ்கூலில பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். முடிச்சால்தான் கொலிஜுக்குப் போய்ப் பிள்ளைப் பராமரிப்புப் படிக்கலாம். அவளுக்கு ஏத்த நேரத்தில இருந்தது அமெரிக்க வரலாறு மட்டுமாம். கனடாவுக்கு வந்து அமெரிக்கன்ர கதை! ஜோர்ஜ் வொஷிங்டன் எப்பிடி வாழ்ந்தார், என்னத்தை விட்டிட்டுப் போனார் எண்டு கட்டுரை எழுத வேணும்.

தேத்தண்ணியோட எனக்கும் வாசிச்சுக் காட்டினாள். ஆள் ஆறடிக்கு மேல. சண்டையில வெண்டவர். இரண்டு தரமும் ஒரு வாக்கும் சிதறாமல் ஏகமனதாத் தெரிவாம். எனக்கு மனிசனை நல்லாப் பிடிச்சுப் போச்சு.

"என்னை மாதிரி" எண்டன்.

"ஓம், பல்லும் கட்டுப்பல்லாம்" எண்டாள்.

எனக்கு முன்பல்லு இரண்டுதான் கட்டினது. அதுக்கு அவ்வளவு சிரிப்புத் தேவையில்லை.

17 ஒக்டோபர், வியாழன்

மிசிசாகாவில எயார்போட்டுக்குப் பக்கத்திலதான் என்ர வேலை. பிளேனுக்குப் போற சாப்பாட்டுத் தட்டில லெற்றஸ் இலை வைச்சு அடுக்கிறன். தியாகலிங்கம் எண்டு சொல்ல சுப்பவைசருக்கு வாய் வராது, அதால நான் 'லின்'. "லின், மூவ்! லின், லெற்றஸ்!" இண்டைக்கு முழுக்க இதுதான் பாட்டு.

களைச்சு விழுந்து வீட்டை வந்தால் ரதி கட்டுரையோட நிக்கிறாள். "இஞ்சேருங்கோ, கேளுங்கோ. இன்னொரு தரம் வாங்கோ எண்டு நாடே கேக்க, போதும் எண்டு பேப்பரில எழுதிப் போட்டுட்டுத் தன்ர தோட்டத்துக்குப் போட்டாராம்."

"எத்தினை தரம் மறுத்தவர்?"

"ஒருதரம்தான். மெய்யா மறுத்தவர்."

அந்த 'மெய்யா'வை ஏன் உப்பிடி இழுத்துச் சொல்ல வேணும்? இன்னும் இருக்காம். புதுத் தலைவர் பதவி ஏத்த அண்டைக்கு, மண்டபத்தை விட்டு வெளிக்கிடேக்க எல்லாரும் வொஷிங்டனுக்கு வழி விட்டவையாம். அவர் அசையேல்லையாம். நீர்தான் இப்ப தலைவர், நீர் முன்னுக்குப் போம் எண்டு நிண்டவராம்.

"உது எனக்குச் சொல்லுற கதையோ?" எண்டு கேட்டன்.

"வாத்தியாருக்கு எழுதுற கதை. உங்களுக்கு ஏன் சுடுது?"

சுடாமல் என்ன செய்யும்? போன வருசம் ஊரில நடந்த சண்டையில சனம் முழுக்க இடம்பெயர்ந்து இன்னும் அந்தரிச்சுக்கொண்டு நிக்குது. இந்த நேரத்தில விட்டிட்டுப் போனால் ஆர் பாக்கிறது? அதைச் சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்.

இஞ்சை மட்டும் எழுதுறன். ஞாயிற்றுக்கிழமையில ஒரு மண்டபத்துக்குள்ள போக, நாலு பேர் எழும்பி "தலைவர் வாங்கோ" எண்டுறது போனால் எனக்கு என்ன மிச்சம்? ஏழு நாளும் லின்.

18 ஒக்டோபர், வெள்ளி

ரதியோட கதைக்கேல்லை. புட்டும் மீன்குழம்பும் வைச்சிருந்தாள், சாப்பிட்டன்.

3 நவம்பர், ஞாயிறு

வாத்தியார் ஒரு போட்டோக்கொப்பி குடுத்திருக்கிறார். ஓனா எண்டு ஒரு பெட்டை, வொஷிங்டன் வீட்டில அடிமை. மனுசியாருக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கிறது, தைக்கிறது எல்லாம் அவள்தான். ஒருநாள் வீட்டுக்காரர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் மெல்ல இறங்கிக் கப்பலேறி வடக்க போட்டாள். பிடிச்சுத் தாங்கோ எண்டு பேப்பரில விளம்பரமாம். ஆள்விட்டும் பார்த்தவராம். அவள் கடைசிவரை பிடிபடேல்லை.

"அப்பிடிப் போடு!" எண்டு மேசையில அடிச்சன், தேத்தண்ணி ஊத்துப்பட்டது. ஒளிச்சுத் தப்பி வந்த சனம் நாங்கள், வேற எந்தப் பக்கம் நிக்கிறது?

"அது எந்த வருசம் தெரியுமே? பதவி வேண்டாம் எண்டு எழுதினாரே, அதே வருசம்" எண்டாள் ரதி.

ஊத்துப்பட்ட தேத்தண்ணியைத் துடைச்சன். நாட்டின்ர தலைமையை விட்ட மனிசன் அந்தப் பெட்டையை விடேல்லை. தன்ர அடிமைகளை விடச் சொல்லி உயில் எழுதினவராம், அதுவும் தானும் மனுசியும் போனாப்பிறகு. ஓனா அதுக்குள்ளயும் இல்லை, அவள் மனுசி வழிச் சொத்தாம். சொத்தாம்!

"அப்ப உவர் என்ன பெரிய மனிசன்? கிழிச்சுப் போடும் கட்டுரையை" எண்டு கத்தினன்.

"உங்களுக்கு ஒருத்தரை முழுசாக் கும்பிட வேணும், இல்லாட்டி முழுசாத் தூக்கி எறிய வேணும். விட்டதையும் எழுதுவன், விடாததையும் எழுதுவன்" எண்டாள். எனக்குக் கோபம் அடங்கேல்லை. கதிரையை விட்டது அவருக்கு லேசான வேலை போல. கோதாரி, எனக்கு அதுகூட ஏலேல்லை.

24 நவம்பர், ஞாயிறு

பொதுக்கூட்டத்துக்கு எவ்வளவு ரோல்ஸ் சுட வேணும் எண்டு ரதிக்குச் சொன்னன்.

"சொல்லாதேங்கோ. கேளுங்கோ."

சரியெண்டு கேட்டன். "ஏலாது, எனக்குச் சோதினை இருக்கு" எண்டாள். கேட்டதுக்குக் கிடைச்ச பலன்!

கடையில எடுப்பம் எண்டு சொல்லத் தில்லைக்குப் போன் அடிச்சன். அவர் வீட்டில ஒரே சத்தம், ஊருக்கு அனுப்பிற மருந்துப் பெட்டி கட்டுகினமாம். எந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கூடத்தில தங்கியிருக்கு, எந்தக் கிழவருக்கு என்ன வருத்தம், எல்லாம் மனிசன்ர நுனி நாக்கில நிக்குது. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. சனத்தைப் பாக்கிறது தில்லை. நான் பாக்கிறது மைக்கை.

"நீர் ஏன் இதுவரைக்கும் தலைவரா வரேல்லை?" எண்டு கேட்டுப்போட்டன்.

"நீங்கள் மூண்டு தரமும் மறுத்து முடியிறதுக்குள்ள ஆர் அண்ணை என்னைக் கேக்கிறது?" எண்டார். நக்கலாச் சொல்லேல்லை, மெய்யாத்தான் சொன்னார். அதுதான் கூட நொந்தது.

8 டிசம்பர், ஞாயிறு

காலமை பிறிட்ஜைத் திறந்தால் மாலை இருக்கு. ரதிதான் வாங்கி வைச்சவள். "ஆருக்கெண்டாலும் தேவைப்படும்தானே" எண்டாள்.

மண்டபம் நிறைஞ்ச சனம். வழக்கம் போல என்ர பேர் வந்தது. எழும்பினன். "எனக்குப் போதும். தில்லையம்பலம் வரட்டும்" எண்டன்.

கைதட்டு!

"இல்லை, மெய்யாத்தான் சொல்லுறன்" எண்டன். இன்னும் பலமாக் கைதட்டு. ஆரோ விசிலும் அடிச்சாங்கள். வின்சன்ற் மாஸ்டர் எழும்பி, "தியாகலிங்கத்தை விட்டால் ஆர்?" எண்டார். ஒரு பொடியன் மாலையோட மேடைக்கு ஏறுறான். "ஐயோ, எனக்கு வேண்டாமப்பா!" எண்டு கத்தினன். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. இந்த முறை தலைவர் நல்லா நடிக்கிறாராம்! ஆறு வருசமாப் பொய்க்கு மறுத்தவன் இப்ப மெய்யா மறுத்தால் எந்த விசரன் நம்புவான்?

மேடையால இறங்கிப் போய் என்ர குளிர் ஜக்கெற்றை எடுத்தன். ஒரு கை போட்டன், மற்றக் கை போட்டன். சிப்பை இழுத்தன். தொப்பி, மப்ளர், கையுறை. குனிஞ்சு பூற்ஸையும் போட்டன். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கினது. இந்தக் குளிர் நாட்டில ஒருத்தன் உவ்வளவத்தையும் பகிடிக்குப் போடமாட்டான் எண்டு எல்லாருக்கும் தெரியும். போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில, ரதிக்குப் பக்கத்தில இருந்தன். அவள் என்னைப் பார்க்கேல்லை, ஆனால் கையுறையோட சேர்த்துக் கையைப் பிடிச்சாள்.

தில்லையை முன்மொழிஞ்சது நான்தான். ஏகமனதாத் தெரிவு. மனிசன் ஒருதரம்கூட மறுக்கேல்லை. மறுக்கிற முறை அவருக்குத் தெரியாது போல. மாலை விழேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு இழுவை இழுத்தது, பொய் ஏன் சொல்லுவான். வேர்வையும் ஆறா ஓடினது. கழட்டப் பயம், கழட்டினால் திரும்ப மேடைக்கு ஏத்திப் போடுவாங்கள்.

வெளிக்கிடேக்க கதவடியில தில்லை ஒதுங்கி நிண்டு, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ அண்ணை" எண்டார்.

"தலைவர் முன்னுக்கு" எண்டன். அவர் போனார். நான் பின்னால போனன். வெளியில பனி கொட்டினது.

9 டிசம்பர், திங்கள்

"லின், மூவ்!"

18 ஜனவரி 1997, சனி

ஒன்றியத்தின்ர பொங்கல் விழா. மேடையில இல்லாமல் கீழ இருந்து முதல் முறையாப் பார்த்தன். மேடையில இருக்கிறவை சாப்பிடேக்க பொங்கல் ஆறிப்போகும், கீழ இருக்கிறவைக்குச் சுடச்சுட! ஆறு வருசமா ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை.

முன்னாள் தலைவர் நாலு சொல்லுப் பேச வேணும் எண்டு தில்லை கூப்பிட்டார். "எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. மருந்துப் பெட்டி கட்ட ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வேணும், நானும் வாறன்" எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன். நான் முந்தி முக்கால் மணித்தியாலம் பேசின எந்தப் பேச்சுக்கும் இப்பிடிக் கைதட்டு விழேல்லை. இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லிக் கேப்பினம் எண்டு பார்த்தன். கேக்கேல்லை.

ரதியின்ர கட்டுரைக்கு எண்பத்தெட்டு. ஓனாவைப் பற்றி எழுதின இடத்தில வாத்தியார் பெரிய சரி போட்டிருக்கிறார்.

1 பெப்ரவரி, சனி

தில்லையும் நானும் மருந்து வாங்கிக்கொண்டு வாற வழியில மீன்கடைக்குப் போனம். நல்ல சனம். பின்னுக்கிருந்து ஆரோ பெலத்துக் கூப்பிட்டது: "தலைவர்!"

நான் படக்கெண்டு திரும்பினன். கூப்பிட்டவர் என்னைப் பார்க்கேல்லை. தில்லையோ ஒண்டும் கேளாத மாதிரி விளைமீனின்ர செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்.

முழங்கையால ஒரு இடி இடிச்சன். "இஞ்சரும், உம்மைத்தான் கூப்பிடுகினம்."