இருபத்தொன்பதாம் நாள்

நான்கு வருடமாக என்னோடு பேசாதவளுக்கு,

என் ஆய்வேடு நூலக மேசையில் முப்பது நாள் பொதுப் பார்வைக்கு இருக்கிறது. யாரும் ஆட்சேபணை எழுதாவிட்டால் அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. அம்மா விருந்துக்குப் பன்றிக்குட்டி சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

தினமும் போய்ப் பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டுகிறேன். நூலகர் ராதோய்கா அக்கா சிரிக்கிறாள்.

"ஏண்டி, அதை யாரு தூக்கிட்டுப் போகப்போறா? இதுவரைக்கும் ஒருத்திதான் வந்தா. மூணாவது அத்தியாயத்தை ரெண்டு தடவை படிச்சா. ஆட்சேபணை ஒண்ணும் எழுதாம போயிட்டா."

பதிவேட்டில் உன் கையெழுத்து.

இந்த நோவி சாத் ஊரில் குளிர் அதிகமா என்று கேட்கமாட்டாய், தெரியும். அந்த அத்தியாயத்தின் அளவுகளெல்லாம் நீ டான்யூப் ஆற்றின் சேற்றில் முழங்கால்வரை நின்று எடுத்தவை. நன்றியுரையில்கூட உன் பெயர் இல்லை.

நீ ஆட்சேபணை எழுதுவாய் என்று தினமும் பயந்தேன். நேற்றுதான் புரிந்தது, நீ எழுதப்போவதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை ஆட்சேபணை மனுவை நானே எழுதிக்கொண்டு போனேன். அக்கா முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "யார் மேலடி புகார்?" என்றாள்.

என் பெயரைச் சொன்னேன்.

உன் பழைய அறைத்தோழி