சவரக்கத்திக்குச் சந்தனப் பொட்டு

செப். 30, செவ்வாய்

புழுக்கம். அரியலூரில் சாயங்காலம் வெறும் தூறல்.

கத்தி முடிந்தது. பெரம்பலூர் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த ஆணிகளோடு கிடந்த சவரக்கத்தி. ஆடியிலிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது வீண் போகவில்லை. இப்போது அலகில் என் மூக்குமயிர் தெரிகிறது. முதுகுப் பக்கம் தடிமன், கூர்ப் பக்கம் காகிதம். கொம்புக் கைப்பிடி, புதுப் பித்தளை ஆணி. வைக்க ஒரு பெட்டியும் ஆயிற்று. முதல் சவரம் ஞாயிறன்று.

மல்லிகாவுக்கு இந்தப் பெட்டியே ஆகாது. "எந்த எழவு வூட்ல யாருக்கு மொட்டை போட்டதோ, உள்ள கொண்டாராதீங்க." நான் கட்டிய வீட்டில் கத்திக்கு ஒரு முழம் இடமில்லை. மாடிப்படிக்கு அடியில், பழைய டயர் பக்கத்தில் இருக்கிறது.

வாங்க: தையல் மெஷின் எண்ணெய். பொரி, கடலை. வண்டிக்கு மாலை.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் ஃபேக்டரி. லேத்திலிருந்து ஸ்பானர் வரைக்கும் பொட்டு வைத்தது நான்தான்.

வீட்டுக்கு வந்தால் சாமி அலமாரி முன்னால் மகள் இலக்கியாவின் பள்ளிப் புத்தகம், அரிவாள்மனை, சுத்தியல். நடுவில் என் கத்தி, விரித்து வைத்திருக்கிறது. அலகில் மூன்று சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். ஒன்று கூர் ஓரத்திலேயே. மல்லிகா குழாயில் கழுவி முந்தானையில் துடைத்தாளாம். ஈரச் சந்தனம், பச்சை இரும்பு. விளங்கிவிடும்.

எடுக்கப் போனேன்.

"தொடாதீங்க. பூஜைல வெச்சத நாளைக்குக் காலைல சாமி கும்புட்டுட்டுத்தான் எடுக்கணும்."

"துருப் புடிச்சிரும்டி."

"ஒரு ராத்திரில என்னாத்த புடிக்கப் போவுது."

இந்தப் புழுக்கத்தில் ராத்திரி எதற்கு, ஒரு மணி நேரம் போதும். சுண்டலைத் தொடவில்லை. கத்தி துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாமியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

அக். 2, வியாழன்

மல்லிகா சூடம் காட்டி முடிக்கும் முன்பே எடுத்துவிட்டேன். துடைத்தால், ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் கறுப்பு வட்டம். மேலே இருப்பவை போனால் போகட்டும். ஓரத்தில் இருப்பது குழி விழுந்திருந்தால் கூர் அங்கே நிற்காது, பொடிந்துவிடும். இரண்டு மாச வேலை.

கத்தினேன். அறிவிருக்கா என்றேன். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து கோலம் பார்ப்பதுபோல் நின்றது.

மல்லிகா கத்தவில்லை. "ஆகாத கத்தின்னு சொன்னப்பவும் கத்துனீங்க. திங்கக்கெழம சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயி, தோஷம் போவட்டும்னு வேண்டிக்கிட்டு, குங்குமம் கொண்டாந்து சாமிகிட்ட வெச்சேன். அதுக்கும் கத்துறீங்க. பெட்டிய இனிமே அலமாரி கீழ்த்தட்டுல வெச்சுக்கங்கன்னு சொல்லத்தான் இருந்தேன்."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "ஒன் அலமாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். பெட்டியைக் கொண்டுபோய் டயர் பக்கத்தில் வைத்தேன். சத்தம் கேட்கும்படி வைத்தேன்.

அக். 4, சனி

பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. இலக்கியாதான் தூது. "இன்னும் குழம்பு வேணுமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

எண்ணெய் மறந்துபோயிற்று. திங்கள் வாங்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்து உப்புத்தாள். மேலே இருந்த கறை போயிற்று. ஓரத்தில் இருப்பது நிழல்போல நிற்கிறது. கோபமும் தேய்க்கத் தேய்க்க வருகிறது. குழாயில் கழுவுவாளா ஒருத்தி? அரிவாள்மனையா அது?

பொட்டுகள் மட்டும் ஒரே வரிசை. விரல் அறுந்துவிடாமல் முதுகுப் பக்கமாகப் பிடித்து, பயந்து பயந்து வைத்திருக்க வேண்டும். தொடவே அஞ்சுகிற ஆள். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

அக். 5, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். சாணைக்கல், பிறகு தோல் வார். தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு அலகில் தொட்டேன், அறுந்தது. கறை இருந்த இடத்திலும் அறுந்தது. குழி விழவில்லை.

சவரம். ஒரு கீறல் இல்லை. கன்னம் பச்சைப்பிள்ளைக்கு மாதிரி. ஏதோ முணுமுணுத்துப் பாடினேன் போலிருக்கிறது, மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கத்தியைத் துடைத்துக் காயவைத்துப் பெட்டியில் போட்டு, பெட்டியோடு உள்ளே போனேன். அலமாரிக் கீழ்த்தட்டு காலி. பழைய துணி, ஊதுபத்தி டப்பா எல்லாவற்றையும் எப்போதோ எடுத்துவிட்டு, பேப்பர் விரித்து வைத்திருக்கிறாள். குனிந்தேன்.

"அங்க வெக்காதீங்க."

"நீதான வெச்சுக்கச் சொன்ன."

"நீங்கதான வேணாம்னீங்க. எழவு வூட்டுக் கத்தி. வெளியவே கெடக்கட்டும்."

விரித்த பேப்பரை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. மாடிப்படிக்கு அடியில் சாரல். டயருக்குள் தண்ணீர். உள்ளே டிவி ஓடுகிறது. நான் வாசற்படியில். பெட்டி மடியில்.