ஜெனி பனியில் விழுந்த நாள்

அன்புள்ள ஜெனி அப்பாவுக்கு,

உங்கள் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, உங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. வீட்டுச் செய்தியையே எழுதுகிறேன், எல்லாரும் படித்துக்கொள்ளட்டும்.

ஜெனி பனிச்சறுக்குக்குப் போய் வந்தாள். துபாயில் மாலுக்குள் கட்டியிருக்கிறார்களே, அந்தப் பனிமலைக்குத்தான். முன்பு பள்ளியில் கேட்டபோது நீங்கள் விடவில்லை. “குளிரப் பாக்கதுக்கு ஒரு டூரா? தேராவுல எங்க மீன் ஃப்ரீஸருக்குக் கூட்டிட்டு வா, நான் காட்டுதேன்” என்றீர்கள். மீன் குளிர்கிடங்கில் டூட்டி முடித்து வந்து, வெடித்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

இந்தத் தடவை நான் சம்மதித்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் போனபின் ஜெனி என்னை விட்டு அசையவில்லை. நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்றாள். அவளுக்காக நைட் டூட்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். மற்ற நர்ஸுகள் எத்தனை நாள்தான் மாற்றிக்கொடுப்பார்கள்? நைட் பார்க்க முடியாதென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை. அஜ்மான் ரூமைக் காலி செய்துவிட்டு, அவள் படிப்பையும் பாதியில் நிறுத்தி, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பி.டி. மிஸ்ஸிடம் சொல்லி அழுதேன். “அனுப்பி வைங்க சிஸ்டர். பஸ், லிஃப்ட், ஃபிளாட்னு வளர்ற பிள்ளைங்க, கீழ விழுந்தே பார்த்ததில்ல. அங்க முதல் பாடமே விழறதுதான்” என்றார்.

ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அங்கேயே தருவார்களாம், கையுறை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டுமாம். இந்த வெயிலில் கையுறைக்கு எங்கே போவேன்? உங்கள் ஃப்ரீஸர் கையுறையைத் துவைத்துக் கொடுத்தேன். மீன் வாசம் போகவில்லை. அவள் முகர்ந்து பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

லீவு போட்டு நானும் போனேன். பெற்றோருக்குக் கண்ணாடிக்கு வெளியேதான் இடம். மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே விழுந்து எழுந்தார்கள். ஜெனி விழுந்தவள் எழவில்லை, என்னைத்தான் தேடினாள். “எழும்பு மக்ளே!” என்று கத்திக் கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன். உள்ளே என்ன கேட்கும்? மிஸ் பக்கத்தில் நின்றும் கை கொடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் என் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். உங்கள் கையுறையை ஊன்றினாள், வழுக்கினாள், மறுபடி ஊன்றி எழுந்தாள். அப்புறம் பார்த்தால், பக்கத்தில் விழுந்த ஒரு பிள்ளைக்கு எப்படி ஊன்றுவதென்று காட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்: “மம்மி, நீங்க நைட் டூட்டிக்குப் போங்க. நான் பக்கத்து ரூம் ஆன்ட்டிகூட ஸ்லீப் பண்றேன். கொஞ்சம் அழுவேன். அப்புறம் ஓகே ஆயிடுவேன்.”

நேற்று போனேன். அழுதாளாம். அப்புறம் தூங்கிவிட்டாளாம்.

அந்த ஃப்ரீஸருக்குள் நீங்கள் எத்தனை தடவை வழுக்கி விழுந்திருப்பீர்கள்? ஒரு நாளாவது என்னிடம் சொன்னீர்களா? இப்போது கேட்கவும் ஆளில்லை.

அடுத்த வருஷமும் அவளை அனுப்புவேன். கண்ணாடிக்கு வெளியே அதே இடத்தில் நிற்பேன். அவள் விழுவாள். நான் தட்டமாட்டேன்.

உங்கள்
ஜெனி அம்மா