நிவேதா ஏறாமல் விட்ட விமானம்

ஏனுங்க,

நான்தானுங்க. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாவு மில்லுக்கு லீவு. மாவு படியாத சேலையைக் கட்டிக்கொண்டு உங்களிடம் பேச உட்கார்ந்திருக்கிறேன். எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. இருந்தாலும் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் நிவேதா ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டாள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவது பற்றி மேல்படிப்பு. நம் வீட்டில் யாருமே ஏறாத விமானத்தில் தனியாக ஏறிப் போனாள். அவள் போன கதையைக் கேட்டால் தொண்டாமுத்தூர் முழுக்க நீங்களே சொல்லிக்கொண்டு திரிவீர்கள்.

அவளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உங்கள் அண்ணன் அதே வாரம் ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்தார். "தகப்பன் இல்லாத புள்ளைய கண்காணாத தேசத்துக்கு அனுப்பிப்போட்டு நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் முன்னால் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியது உண்டா? அன்றைக்குப் பேசினேன். "நான் சொல்றேனுங்க பதில். அவ படிக்கட்டும். கல்யாணத்த அப்பறம் பார்த்துக்கலாமுங்க." குரல் நடுங்கவில்லை. அவர் ஜாதகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் கிளம்பும் நாளன்று காலையில் வேட்டி சட்டையோடு வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. எங்களோடு காரில் ஏறிக்கொண்டார்.

விமான நிலையத்தில் நம்மை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே நின்றோம். நிவேதா பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தாள். அழவே கூடாது என்று இருந்தேன். அழவில்லை. "வாரேன்மா" என்று அவள் சொன்னது காதில் விழவில்லை, வாயசைவில் தெரிந்தது. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு முன்னால் நீங்கள்தான் அழுதிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அபுதாபியில் இறங்கி அவள் வேறு விமானம் மாற வேண்டும். ஜெர்மனியில் அவளை அழைத்துப்போக ஈரோட்டுப் பையன் ஒருவன் ஒத்துக்கொண்டிருந்தான். அங்கே ஏற்கெனவே படிக்கிறவன். அன்று ராத்திரி நான் மில்லைப் பூட்டும் நேரத்தில் அவனிடமிருந்துதான் போன் வந்தது.

"அக்கா, பிளேன் வந்திருச்சுங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நிவேதா மட்டும் வரலைங்க."

அவளுடைய நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. வேறு வழி தெரியாமல் உங்கள் அண்ணனைக் கூப்பிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வந்துவிட்டார். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தேன். ஆரம்பிக்கவில்லை. மில்லில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர் பேர் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, பயந்துபோட்டீங்களா? நான் நல்லா இருக்கறேன். அபுதாபியிலதான் இருக்கறேன். இங்க நம்ம சிம் வேல செய்யலீங்மா. இப்பத்தான் ஒரு நர்ஸக்கா போன் வாங்கிப் பேசறேன்."

விஷயம் இதுதானுங்க. கோயம்புத்தூரில் ஏறியபோது அவள் பக்கத்து சீட்டில் சத்யா என்று பெருந்துறைப் பெண் ஒருத்தி. மடியில் கைக்குழந்தை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் வீட்டுக்காரரிடம் முதல் தடவையாகப் போகிறாள். அவளுக்கும் விமானம் புதிது, நம்மவளுக்கும் புதிது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டுதான் மேலே ஏறினார்களாம். பாதி வழியில் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய் அடித்திருக்கிறது. இறங்கி நடக்கும்போது கண் செருகி, கைகால் வெட்டி இழுத்துவிட்டது. சத்யா அலறியிருக்கிறாள். சுற்றி நின்ற யாருக்கும் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் வராது.

நிவேதாதான் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆட்களைக் கூப்பிட்டு, அங்கிருந்த மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்டதையெல்லாம் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொன்னாள். வலிப்பு நின்றது. ஆனாலும் குழந்தை கண் திறந்து தாயைப் பார்க்க வெகு நேரம் ஆனதாம்.

"உன்ற பிளேன் என்னாச்சு கண்ணு?" என்றேன்.

"மைக்கில என்ற பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கமா. ரெண்டு மூணு வாட்டி கூப்பிட்டாங்க. எனக்கு நல்லாவே கேட்டுது. நான் எந்திரிச்சா அந்தக்கா கையப் புடிச்சுக்கிட்டு அழுவறாங்க. அவங்கள உட்டுப்போட்டு எப்படிமா போறது?"

கல்லூரி சேர வேண்டிய நாள், கையில் இருந்த ஒரே டிக்கெட், தெரியாத நாடு. இத்தனையும் அவள் யோசித்திருப்பாள்தானே? யோசித்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் அண்ணன் என் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மணி, அந்தக் கொழந்தைக்கு இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க பெரியப்பா. பால் குடிச்சுது."

"செரி. நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மில்லுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து விமானக்காரர்களே மறுநாள் விமானத்தில் அவளுக்கும் சத்யாவுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் கொடுத்துவிட்டார்கள். படிப்பில் சேர்வதற்கும் தடங்கல் ஒன்றும் இல்லை. போய் இறங்கிய அன்று சத்யாவின் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "அக்கா, உங்க புள்ளைக்கு நான் என்ன செய்யறதுன்னே தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. நல்ல கணீர்க் குரல்.

முந்தாநாள் டீக்கடைப் பக்கம் போனேன். உங்கள் அண்ணன் நாலு பேரை உட்கார வைத்து, "எங்க ஊட்டுப் புள்ள பிளேனையே உட்டுப்போட்டு உக்காந்திருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்து நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவளை அனுப்பியது சரியா தப்பா என்று பல நாள் தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறேன். இப்போது புரள்வதில்லை. நிவேதா எந்த ஊரில் இருந்தாலும் பிழைத்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்களையும் பிழைக்க வைப்பாள். நாம் இருவரும் சேர்ந்து வளர்த்த பெண் இவள்தானுங்க. எனக்கு இருக்கிற பெருமையில் சரிபாதி உங்களுடையது, அதை எங்கே கொண்டுவந்து கொடுப்பது?

பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்திருக்கிறேன். அவள் பட்டம் வாங்கும்போது நானும் விமானம் ஏறுவேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏறுவேன். அங்கே முன்வரிசையில் நின்று, உங்கள் பங்குக்கும் சேர்த்துக் கை வலிக்கத் தட்டுவேன். இது சத்தியமுங்க.

நிவேதாவைப் பெற்றவள்,
உங்கள் மரகதம்.